படை முகாமைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகள்

2009 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் ஈராக் போனார்கள். போர் நடக்கிற நாடு என்பதால் பயணம் வெளியே தெரியாதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட் ஹோக்ஸ்ட்ரா, இப்போதுதான் பாக்தாத்தில் வந்து இறங்கினேன் என்று ட்விட்டரில் எழுதிவிட்டார். இத்தனைக்கும் அவர் பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழுவில் தன் கட்சியின் மூத்த உறுப்பினர். உளவு அமைப்புகளையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தவர்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இஸ்ரேலில் இன்னொன்று நடந்தது. மேற்குக் கரையில் ஒரு கிராமத்துக்குள் தேடுதல் வேட்டைக்குப் போகவிருந்த படைவீரர் ஒருவர், எந்த ஊர், எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்பதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதி, மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றும் சேர்த்திருந்தார். அதைப் பார்த்துப் பதறி மேலிடத்துக்குத் தகவல் சொன்னவர்கள் அவருடைய ஃபேஸ்புக் நண்பர்கள்தான். வேட்டை கைவிடப்பட்டது. அவருக்குப் பத்து நாள் சிறை.

இந்த இரண்டையும் இன்று படித்தால் கொஞ்சம் வெகுளித்தனமாகத் தெரியும். சொல்லக் கூடாததை வாய்விட்டுச் சொன்ன கதைகள் இவை. "இப்படி எழுதாதே" என்று ஒரு உத்தரவு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ராணுவங்களுக்கு இப்போது தலைவலியாக இருப்பது வேறு. பதிவு போட்டவர் எதையும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு செல்ஃபி, ஒரு காலை ஓட்டம், தெருவில் போன லாரியின் பத்து நொடி வீடியோ, அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் அதில் ரகசியம் என்று ஒன்றும் இருக்காது. இன்னும் நான்கு சில்லறைத் தகவல்களோடு அடுக்கிப் பார்க்கிற ஒருவரின் கையில் கிடைக்கும்போதுதான் அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. அந்தப் புள்ளியின் மீது ஏவுகணை விழுந்த சம்பவங்களும் உண்டு.

படத்துக்குள் என்ன இருக்கிறது

முதலில் எளிதான வழி. கைபேசியில் எடுக்கும் படக்கோப்புக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், ஜிபிஎஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை என எல்லாம் உள்ளேயே எழுதப்பட்டுவிடும். 2007இல் ஈராக்கில் ஒரு அமெரிக்கத் தளத்துக்குப் புதிதாக அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் வந்திறங்கின. வீரர்கள் சிலர் ஆசையாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். படத்தோடு இடக்குறிப்பும் போய்விட்டது. எதிரிகள் அதை வைத்து ஹெலிகாப்டர்கள் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டு மோர்ட்டார் குண்டுகளை வீசியதில் நான்கு அப்பாச்சிகள் அழிந்தன. அமெரிக்கத் தரைப்படையே பின்னாளில், 2012இல், தன் வீரர்களுக்கு எச்சரிக்கைப் பாடமாக இதை வெளியே சொன்னது.

இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்ற தளங்கள் படத்தை வெளியிடும்போது இந்த இடக்குறிப்பைக் கழற்றிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினாலும் அது போய்விடும். அதையே 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், குறிப்பும் கூடவே போகும். ஆனால் இடக்குறிப்பு போய்விட்டதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. படமே பேசும்.

ஒரு வீரர் ஏதோ ஒரு சாலையோரம் நின்று செல்ஃபி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒரு நீர்த்தேக்கத் தொட்டி, இரண்டு மின்கம்பங்கள், பாதி தெரிகிற ஒரு பெயர்ப்பலகை, தொலைவில் மலைமுகடு. மின்கம்பத்தின் வடிவமும் பலகையின் எழுத்தும் எந்த நாடு, எந்த வட்டாரம் என்பதைச் சொல்லும். முகட்டின் ஏற்ற இறக்கத்தைக் கூகுள் எர்த்தின் முப்பரிமாணக் காட்சியோடு ஒப்பிட்டால் எந்தத் திசையில் பார்த்து நிற்கிறார் என்று தெரியும். தொட்டியும் சாலை வளைவும் செயற்கைக்கோள் படத்தில் எங்கே ஒன்றாக வருகின்றன என்று தேடினால் சில நூறு மீட்டருக்குள் இடம் சிக்கிவிடும். அப்புறம் நிழல். நிழலின் நீளமும் சாய்வும் அந்த இடத்தில் சூரியன் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. அதிலிருந்து நேரத்தைக் கணக்கிட இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இதைப் பொழுதுபோக்காகவே செய்கிற ஆயிரக்கணக்கானவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஓ3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி வெளிவந்த சில நாட்களிலேயே, சாதாரணப் படத்தைக் கொடுத்து "இது எங்கே?" என்று கேட்பது இணையத்தில் ஒரு விளையாட்டாகிவிட்டது. பல படங்களுக்கு அது சொன்ன பதில் வியக்கும்படி சரியாகவும் இருந்தது. வாரக்கணக்கில் பழகிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த வேலை இப்போது ஒரு கேள்வியாகச் சுருங்கியிருக்கிறது.

சில நேரம் இவ்வளவு பாடும் தேவைப்படாது. 2022 ஆகஸ்டில் கிழக்கு உக்ரைனின் போபாஸ்னா நகரில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை ஒரு கட்டடத்தில் தங்கியிருந்தது. ரஷ்யத் தரப்புச் செய்தியாளர் ஒருவர் அங்கே போய்ப் படைவீரர்களோடு எடுத்த படங்களை டெலிகிராமில் போட்டார். அதில் ஒரு படத்தின் ஓரத்தில், சுவரில் பதித்த ஒரு பலகை. பதுங்குமிடத்தின் முகவரி அதில் தெருப்பெயரும் கதவு எண்ணுமாக எழுதியிருந்தது. சில நாட்களில் அந்தக் கட்டடம் உக்ரைனின் ஏவுகணைத் தாக்குதலில் தரைமட்டமானது. செய்தியாளர் தம் பக்கத்து வீரர்களைப் பெருமைப்படுத்தத்தான் படம் போட்டார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இதே பாணியில் அடி வாங்கிய இன்னொரு தரப்பு ஐஎஸ் அமைப்பு. 2015 ஜூனில் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஹாக் கார்லைல் ஒரு கூட்டத்தில் சொன்ன கதை இது. ஐஎஸ்காரர் ஒருவர் தங்கள் தலைமையகத்தின் முன் நின்று தற்பெருமையாகப் படம் போட்டிருக்கிறார். ஃப்ளோரிடாவில் ஒரு தளத்தில் உட்கார்ந்து சமூக ஊடகங்களை மேய்ந்துகொண்டிருந்த விமானப்படையினர் அதைப் பார்த்திருக்கிறார்கள். 22 மணி நேரம் கழித்து மூன்று குண்டுகள் அந்தக் கட்டடத்தின் மேல் விழுந்தன. இதைத் தளபதி பொதுமேடையில் சொன்னதே சரியா என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. எதிராளி இனிமேல் படம் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்கான பாடத்தை அவரே நடத்திவிட்டார் அல்லவா.

விளம்பரத்துக்காக ராணுவமே வெளியிடும் படங்களும் தப்பவில்லை. 2012 நவம்பரில் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் விமானப்படையில் எப்படிப் பணிபுரிகிறார் என்று காட்டும் படங்கள் வந்தன. அவருக்குப் பின்னால் கணினிக் கடவுச்சொற்கள் தெரிந்தன. அவசர அவசரமாகப் படங்களை மாற்றி, கடவுச்சொற்களையும் மாற்றினார்கள்.

ஓடியவர் வரைந்த வரைபடம்

உடற்பயிற்சிச் செயலிகளின் கதைதான் இந்த விஷயத்தில் மிகவும் யோசிக்க வைப்பது. ஸ்ட்ராவா என்ற செயலி, ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் தாங்கள் போன பாதையை ஜிபிஎஸ் மூலம் பதிவு செய்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதற்கானது. 2017 நவம்பரில் அந்த நிறுவனம் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 100 கோடி பயிற்சிப் பதிவுகள், 3 லட்சம் கோடி ஜிபிஎஸ் புள்ளிகள். மக்கள் அதிகம் ஓடும் இடம் பளிச்சென்று எரியும், யாரும் ஓடாத இடம் இருட்டாக இருக்கும். யாருடைய பெயரும் அதில் இல்லை. அழகான படம் என்று பலரும் ரசித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரியில், நேதன் ரூசர் என்ற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் அதை வேறு கண்ணோடு பார்த்தார். லண்டனும் நியூயார்க்கும் வெளிச்சமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் சுற்றிலும் கும்மிருட்டாக இருக்க, நடுவே சின்னச் சின்னச் செவ்வகங்கள் ஏன் எரிகின்றன? அந்த ஊர்க்காரர்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்துவதில்லை. அங்கே ஓடுவது வெளிநாட்டுப் படைவீரர்கள். முகாமின் மதில் ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஓடி, மதில் எங்கே இருக்கிறது என்பதை அவர்களே கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். ரோந்து போகும் பாதைகள்கூடத் தெரிந்தன. பெரிய தளங்கள் செயற்கைக்கோள் படத்தில் ஏற்கெனவே தெரிபவைதான். ஆனால் கட்டடத்தைப் பார்ப்பது வேறு, உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாகப் போய் வருகிறார்கள் என்று பார்ப்பது வேறு. பதுங்கித் தாக்க நினைப்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் போலார் என்ற மற்றொரு நிறுவனத்தின் செயலியை பெல்லிங்கேட் புலனாய்வுக் குழுவும் நெதர்லாந்தின் டி கரஸ்பான்டென்ட் இதழும் ஆராய்ந்தன. இங்கே பெயரும் சேர்ந்தே கிடைத்தது. ஒரு ராணுவத் தளத்துக்குள் ஓடியவரைப் பிடி. அவர் மற்ற நாட்களில் எங்கே ஓடுகிறார் என்று பார். அந்த ஓட்டம் எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிகிறதோ, அது அவர் வீடு. இந்த முறையில் 6,000க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் காண முடிந்தது. அணு ஆயுதங்கள் வைத்திருக்கும் தளங்களில் பணியாற்றியவர்களும் உளவு அமைப்புகளின் ஊழியர்களும் அதில் இருந்தார்கள். நிறுவனம் அந்த வரைபட வசதியை நிறுத்திவைத்தது.

பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 2024 அக்டோபரில் பிரான்ஸின் லெ மோந்த் நாளிதழ், அமெரிக்க, பிரெஞ்சு, ரஷ்யத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் ஸ்ட்ராவாவில் பதிந்த ஓட்டங்களை வைத்து, தலைவர்கள் எந்த ஓட்டலில் தங்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று எழுதியது. தலைவர் வருவதற்கு முன்பே காவலர்கள் போய்விடுவார்கள் இல்லையா, காலையில் ஓடவும் செய்வார்கள். 2025 ஜனவரியில் அதே நாளிதழ் இன்னும் ஆழமான ஒன்றைத் தொட்டது. பிரெஸ்ட் நகருக்கு அருகே உள்ள இல் லோங் என்ற தீபகற்பத்தில்தான் பிரான்ஸின் நான்கு அணு ஏவுகணை நீர்மூழ்கிகளும் நிறுத்தப்படுகின்றன. 1972 முதல் அவற்றில் ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் இருக்கிறது. எது, எங்கே என்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அதன் பலம். பத்தாண்டுகளில் 450க்கும் மேற்பட்ட ஸ்ட்ராவா பயனர்கள் அந்தத் தளத்துக்குள் ஓட்டங்களைப் பதிந்திருக்கிறார்கள் என்று லெ மோந்த் கண்டது.

தளம் இருக்கும் இடம் உலகத்துக்கே தெரியும், அதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெட்டது இடத்தால் அல்ல. ஒரு மாலுமி தளத்துக்குள் வாரம் மூன்று நாள் ஓடுகிறார், பதிவு ஒழுங்காக வருகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. இரண்டு மாதத்துக்கும் மேல் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடியும் தொடங்குகிறது. அவர் கூடவே இன்னும் சிலருக்கும் அதே நாட்களில் அதே இடைவெளி. நீர்மூழ்கி ரோந்து ஏறத்தாழ பத்து வாரம் நீடிக்கும் என்று தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கப்பல் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்பதைச் சொன்னது அவர்கள் போட்ட பதிவல்ல, போடாமல் விட்ட நாட்கள். பதிவு போடாதே என்ற தடையால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

செயலியின் பெயர் ஒரு கொலையிலும் அடிபட்டது. ரஷ்ய நீர்மூழ்கி ஒன்றின் முன்னாள் தளபதி ஸ்தனிஸ்லாவ் ர்ஷீத்ஸ்கி 2023 ஜூலை 10 அன்று கிராஸ்னதார் நகரில் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஜூலையில் வின்னித்சியா நகரத்தின் மீது நடந்த ஏவுகணைத் தாக்குதலில் அவருக்குப் பங்கு இருப்பதாக உக்ரைன் தரப்பில் சொல்லி வந்தார்கள். அவர் ஓடும் பாதை ஸ்ட்ராவாவில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. கொலையாளிகள் அதைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ரஷ்ய ஊடகங்கள் எழுதின. கொலைக்குப் பிறகு உக்ரைன் ராணுவ உளவுத்துறை வெளியிட்ட குறிப்பில், எத்தனை முறை சுடப்பட்டார் என்பதிலிருந்து, பலத்த மழையால் பூங்காவில் ஆளில்லை என்பது வரை இருந்தது. தாங்கள் செய்ததாக மட்டும் அதில் சொல்லவில்லை.

தெருவில் நிற்பவரின் கைபேசி

இதுவரை பார்த்ததெல்லாம் படைக்குள் இருப்பவர்களின் பதிவுகள். இவர்களுக்காவது உத்தரவு போடலாம். ஜன்னலைத் திறந்து பார்க்கிற பொதுமக்களை என்ன செய்வது?

2011 மே 2, நள்ளிரவு ஒரு மணி. பாகிஸ்தானின் அபோட்டாபாதில் சொஹைப் அத்தர் என்ற கணினித் துறை ஆலோசகர், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றுகிறது, இந்த நேரத்தில் இது வழக்கமில்லையே என்று ட்விட்டரில் எழுதினார். தூக்கம் கெட்ட எரிச்சல். பின்லாடனைப் பிடிக்க வந்த அமெரிக்கக் கமாண்டோக்களின் ஹெலிகாப்டர்தான் அது என்பது சில மணி நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. உலகிலேயே மிக ரகசியமாகத் திட்டமிட்ட ஒரு நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே பொதுவெளியில் பதிவாகிவிட்டது. அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு வரி வந்தால், போர் வட்டாரங்களின் பதிவுகளைத் தொகுத்துத் தருகிற டெலிகிராம் சேனல்கள் ஐந்து நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும்.

உக்ரைன் போரில் இது உயிர்ச்சேதம் வரை போனது. 2022 மார்ச்சில் கீவ் நகரின் ரெட்ரோவில் வணிக வளாகம் தாக்கப்பட்டு எட்டுப் பேராவது இறந்தார்கள். வளாகத்துக்கு அருகே நின்ற ராணுவ வாகனங்களை உள்ளூர்வாசி ஒருவர் டிக்டாக்கில் போட்ட வீடியோவோடு உக்ரைன் அதிகாரிகள் இதைத் தொடர்புபடுத்தினார்கள். அவர் பிடிபட்டு, மன்னிப்புக் கேட்கும் காட்சியும் வெளியானது. அந்த வீடியோ இல்லாவிட்டால் தாக்குதல் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வது கடினம். ட்ரோன்களும் செயற்கைக்கோள்களும் கூடவே வேலை செய்யும் போர் அது. ஆனாலும் அதே மாதம் 24ஆம் தேதி, படைகளின் இருப்பிடத்தையும் நகர்வையும் வெளியிடுவதைக் குற்றமாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடுமையான வழக்குகளில் 12 ஆண்டு வரை சிறை.

சமூக ஊடகம் வளர்வதற்கு முன்பே இதே சிக்கலை நேரலைத் தொலைக்காட்சியில் இந்தியா பட்டறிந்தது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்த மூன்று நாளும், கமாண்டோக்கள் எந்தக் கட்டடத்தில் எப்படி இறங்குகிறார்கள் என்று சேனல்கள் காட்டிக்கொண்டிருந்தன. பாகிஸ்தானில் இருந்தவர்கள் அதைப் பார்த்துத் தாக்குபவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்காக ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பாதுகாப்புப் படைகளின் நகர்வை நேரலையில் காட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியபோது, கார்கில், கந்தஹார் விமானக் கடத்தல் ஆகியவற்றோடு மும்பையையும் எடுத்துக்காட்டியது. இந்த முறை அந்த அறிவுறுத்தல் சேனல்களோடு நிற்காமல், சமூக ஊடகத்தில் எழுதுகிற தனிநபர்களையும் சேர்த்துப் பேசியது. அதில்தான் காலமாற்றம் தெரிகிறது.

பதிவே போடாமல் காட்டிக்கொடுத்ததும் நடந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அதிகாலை மூன்றே கால் மணி வாக்கில், கலிஃபோர்னியாவில் உள்ள மிடில்பெரி நிறுவனத்தின் ஆய்வாளர் ஜெஃப்ரி லூயிஸ், ரஷ்யாவின் பெல்கோரோத் நகரிலிருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் சாலையில் போக்குவரத்து நெரிசல் என்று கூகுள் மேப்ஸ் காட்டுவதைக் கவனித்தார். அந்த நேரத்தில் அங்கே எதற்கு நெரிசல்? அதே சாலையில் ரஷ்யக் கவச வாகனங்கள் நிற்பதை அவர் குழு ஒரு ரேடார் படத்தில் முன்பே பார்த்திருந்தது. யாரோ நகர ஆரம்பித்துவிட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதினார். போர் தொடங்கியதாக விளாதிமிர் புதின் அறிவித்தது அதற்குப் பிறகுதான். டாங்கியில் இருந்தவர்கள் கைபேசியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதல்ல இதற்குப் பொருள். படை போவதற்காகத் தடுத்து நிறுத்தப்பட்ட சாதாரணக் கார்களில் இருந்த கைபேசிகள்தான் அந்தச் சிவப்புக் கோட்டை வரைந்திருக்க வேண்டும் என்பது லூயிஸின் கணிப்பு. சில நாட்களில் உக்ரைனில் அந்த நெரிசல் காட்டும் வசதியைக் கூகுள் நிறுத்தியது.

தடை போட்டால் போதுமா

ராணுவங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ராவா விவகாரத்துக்குப் பிறகு 2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களத்தில் இருப்பவர்கள் இருப்பிடம் காட்டும் வசதிகளை இயக்கக் கூடாது என்றது. 2019 டிசம்பரில் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ஏழு பேர், பெண்கள் பெயரில் சமூக ஊடகத்தில் அணுகியவர்களிடம் கப்பல்களின் நகர்வு பற்றிச் சொன்னதாகக் கைதான பிறகு, கடற்படைத் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கே தடை வந்தது. 2020 ஜூலையில் இந்தியத் தரைப்படை 89 செயலிகளின் பட்டியலைக் கொடுத்து நீக்கச் சொன்னது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்படப் பல அதில் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தோடு தொடர்பு அறுந்துவிடும் என்று ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றம் ஏற்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் 22 வயது இளைஞனுக்குக் கைபேசிதான் வீடு. அதைப் பிடுங்கினால் ஒளித்து வைத்துக்கொள்வான். வீட்டில் இருப்பவர்களுக்கோ எந்தத் தடையும் இல்லை. மகன் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போகிறான் என்று அம்மா வாழ்த்துப் பதிவு போட்டால் போதும்.

வீரர்களைச் சமூக ஊடகம் வழியாக அடையாளம் காண்பது எவ்வளவு சுலபம் என்று நேட்டோவின் தகவல் தொடர்பு ஆய்வு மையம் ஒரு சோதனை செய்து, 2019இல் முடிவை வெளியிட்டது. நடந்துகொண்டிருந்த ஒரு போர்ப் பயிற்சியைக் குறிவைத்துப் போலி ஃபேஸ்புக் பக்கங்களையும் குழுக்களையும் தொடங்கினார்கள். விளம்பரத்துக்குச் செலவழித்தது 60 டாலர். சுமார் 150 வீரர்களை அடையாளம் கண்டார்கள், பல படைப்பிரிவுகள் இருக்கும் இடம் தெரிந்தது, நகர்வுகளைப் பின்தொடர முடிந்தது. சிலரைக் காவல் பணியை விட்டு விலகிப் போகவும் வைத்தார்கள். ஒருவரைப் பிடித்தவுடன் அவருடைய நண்பர்களை ஃபேஸ்புக்கே பரிந்துரையாக எடுத்துக் கொடுத்தது. சோதனை என்பதால் சொந்தப் படையோடு போயிற்று. 2018இல் இஸ்ரேலிய வீரர்களை இதே வழியில் குறிவைத்த ஹமாஸ், உலகக் கோப்பைக் கால்பந்து செயலி என்றும் காதல் தேடும் செயலி என்றும் போலிகளைக் கூகுள் பிளேயிலேயே ஏற்றியிருந்தது. நிறுவிக்கொண்டவரின் கேமராவும் இருப்பிடமும் அவர்கள் வசமாகும்.

கைபேசியின் மேல் பழியைப் போடுவது மேலதிகாரிகளுக்கு வசதியாகவும் இருக்கிறது. 2023 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில் மகீவ்கா நகரில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த தொழிற்பயிற்சிப் பள்ளியை உக்ரைனின் ஹைமார்ஸ் ஏவுகணைகள் தாக்கின. 89 பேர் இறந்ததாக ரஷ்யா ஒப்புக்கொண்டது. உக்ரைன் சொன்ன எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. வீரர்கள் தடையை மீறிக் கைபேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். போரை ஆதரிக்கும் ரஷ்யப் பதிவர்களே இதைக் கேட்டுக் கொதித்தார்கள். இத்தனை பேரை ஒரே கட்டடத்தில், வெடிமருந்துக்குப் பக்கத்திலேயே தங்க வைத்தது யார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவு போடுவது ஒன்று, கைபேசி வெறுமனே இயங்கிக்கொண்டிருப்பது வேறொன்று. நூற்றுக்கணக்கான கைபேசிகள் ஒரே இடத்தில் கைபேசிக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தால், யாரும் ஒரு வார்த்தை எழுதாவிட்டாலும் கூட்டம் இருப்பது தெரிந்துவிடும். செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

மறைப்பவரின் நோக்கமும் பார்க்க வேண்டியதுதான். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனுக்கு மேலே மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது ரஷ்யா. முந்தைய மாதம் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரிலிருந்து எல்லை நோக்கிப் போன ஏவுகணை வாகன வரிசையைச் சாலையில் போனவர்கள் படம் பிடித்துப் பொழுதுபோக்காக இணையத்தில் போட்டிருந்தார்கள். படைவீரர்களின் சொந்தப் பக்கங்களிலும் படங்கள் இருந்தன. பெல்லிங்கேட் குழுவினர் அவற்றைக் கோத்து, வாகனத்தின் மேலிருந்த கீறல்களையும் கறைகளையும்கூட ஒப்பிட்டு, விமானத்தை வீழ்த்திய ஏவுகணை வாகனம் ரஷ்யாவின் 53ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்றார்கள். பன்னாட்டுப் புலனாய்வுக் குழு 2018 மேயில் அதே முடிவுக்கு வந்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்றது. ரஷ்ய வீரர்கள் சமூக ஊடகத்தில் பணி பற்றி எழுதவும் ஸ்மார்ட்போன் வைத்திருக்கவும் 2019இல் சட்டம் போட்டுத் தடுத்ததற்கு எதிரியின் ஏவுகணை மட்டும்தான் காரணம் என்று நம்புவது சிரமம். அரசாங்கம் "பாதுகாப்பு" என்று சொல்லும்போது எதிரியிடமிருந்து மறைக்கிறதா, தன் மக்களிடமிருந்தே மறைக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதே சட்டம் இரண்டுக்கும் பயன்படும்.

படையின் பாதுகாப்பு, மக்கள் உண்மையை அறிவது என்ற இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் ஓரளவு வேலை செய்கிற ஒரே வழியாக எனக்குப் படுவது தாமதம். படைகளின் இருப்பிடம் ஆபத்தாவது இடமும் நேரமும் ஒன்றாகக் கிடைக்கும்போதுதான். உக்ரைன் 2022இல் செய்தியாளர்களிடம் கேட்டுக்கொண்டது இதைத்தான்: தாக்கப்பட்டது குடியிருப்பு என்றால் மூன்று மணி நேரம் கழித்து, ராணுவ இடம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் படம் போடுங்கள். செய்தி சாகாது, குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து அடுத்த குண்டைத் திருத்தி எறிய நினைப்பவருக்கு மட்டும் அது பயன்படாது. நகரும் படைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். வாகன வரிசையின் வீடியோ மறுநாள் வந்தால் வரிசை அங்கே இருக்காது. நிலையான தளங்களுக்குத்தான் இது உதவாது. இல் லோங்கில் ஓடிய மாலுமியின் பதிவு ஓராண்டு தாமதமாக வந்திருந்தாலும், ரோந்துகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி, எத்தனை பேர் ஒன்றாகப் போகிறார்கள் என்ற கணக்கு பழையதாகிவிடாது. அங்கே தளத்தின் வாசலில் கைபேசியோடு சேர்த்துக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.